சாமுவேல்ராஜின் திங்கட்கிழமைகள்

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழே கால் ஆனால் சாமுவேல்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிட்டு வாரேன்" என்பார். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி. அவர் மனைவி கிருபாவும் "சரி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாள். இருபத்திரண்டு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஒரு நாள்கூட அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதில்லை.

தெருமுனை வரை நடப்பார். அங்கே திரும்பி, பக்கத்து வீட்டுச் சந்து வழியாகச் சத்தமில்லாமல் தன் வீட்டுப் பின்பக்கம் வந்துவிடுவார். துணி துவைக்கிற கல் ஒன்று அங்கே கிடக்கிறது. அதற்கு மேலே சமையலறை ஜன்னல். கல்லில் உட்கார்ந்தால் உள்ளே பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்கும். ஏழரைக்குக் கிருபாவின் ஃபோன் அடிக்கும். "அம்மா, எப்படி இருக்கீங்க?" என்று கனடாவிலிருந்து மகன் பிரின்ஸ்டனின் குரல் வரும்.

ஐம்பத்தாறு வயது மனிதர், கோவில்பட்டியில் ஒரு பருப்பு மில்லில் பதினெட்டுப் பேரை மேய்க்கிற சூப்பர்வைசர், வேதக்கோயிலில் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டி மெம்பர். இப்பேர்ப்பட்டவர் கொசுக்கடியில் உட்கார்ந்து சொந்த மகனின் பேச்சை ஒட்டுக் கேட்கிறார் என்றால் ஊர் சிரிக்கும். ஃபோனை வாங்கி இரண்டு வார்த்தை பேசிவிட்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கிறவர்களுக்கு சாமுவேல்ராஜைத் தெரியாது.

முதல் மாதம் கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. இரண்டாவது மாதத்திலிருந்து திங்கட்கிழமை தோறும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கும். யார் கொளுத்தி வைத்தது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரமாக வைத்துப் பேசுகிற பழக்கமும் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

பிரின்ஸ்டன் ஒரே மகன். டிப்ளமோ முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். அறையில் கூடத் தங்கியிருந்த பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தன் சபைக்கு அழைத்துப் போனான். மார்மன் சபை என்று வெளியில் சொல்வார்கள். அடுத்த ஞாயிறும் போனான். பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை. ஒரு வருஷம் கழித்து அசனப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தான். கோயிலில் சபை முழுவதும் கூடிச் சோறாக்கி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. சாம்பார் அண்டாவுக்கு சாமுவேல்ராஜ்தான் பொறுப்பு. கரண்டியும் கையுமாக வியர்த்து விறுவிறுத்து நின்ற அப்பாவிடம் போய் இரண்டு விஷயம் சொன்னான். கோயம்புத்தூரில் அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன் என்பது ஒன்று. இரண்டு வருஷம் வெளிநாட்டில் ஊழியம் செய்ய எழுதிப் போட்டிருக்கிறேன் என்பது இன்னொன்று. நானூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கிற நேரத்தில் சொல்கிற சங்கதியா இது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எது தெரிந்தாலும் நேரம் காலம் தெரிவதில்லை.

"ஞானஸ்நானமா? மூணு மாசத்துப் பிள்ளையா ஒன்ன நான் கையில ஏந்திட்டுப் போயிக் குடுத்தேன்லா, அது என்னாச்சு? அழிஞ்சு போச்சா?"

"அப்படி இல்லப்பா..."

"அங்க டீ குடிக்கப்படாதுங்காவளே, நெசமா?"

"ஆமாப்பா. டீ, காப்பி ரெண்டுமே கெடையாது."

சாமுவேல்ராஜ் கரண்டியை வைத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிற வம்சம் அது.

அன்று சாயங்காலம் குருவானவரும் கமிட்டிக்காரர்களும் வீட்டுக்கு வந்து தன்மையாகத்தான் கேட்டார்கள். பையன் தன்மையாகத்தான் பதில் சொன்னான். தன்மை இல்லாமல் போனது அப்பா ஒருவர்தான். நாலு பேர் முன்னால் தலை குனிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். "எம் பேரக் கெடுத்துட்டலே. இனிமே எம் பேரச் சொல்லிக்கிட்டு எவன் வீட்டு வாசல்லயும் போயி நிக்காத. இந்த வீட்டுப் படியும் ஏறாத" என்றார். பையன் மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஏழெட்டு மாதத்தில் விசா வந்து, கோயம்புத்தூரிலிருந்தே விமானம் ஏறினான். கிருபா மட்டும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சாமுவேல்ராஜ் மகன் பெயரை வாயால் சொன்னதில்லை.

சொல்லாத வாய் சொல்லாமல் இருந்ததே தவிர, காது சும்மா இருக்கவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தே மகனுடைய வாரம் முழுவதையும் அவர் மனப்பாடம் செய்துவிட்டார்.

சஸ்காட்செவான் என்ற மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். கிருபா "சஸ்கா" வரை சொல்லிவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவாள். வாரத்தில் திங்கட்கிழமை மட்டும்தான் லீவு. லீவு என்றால் துணி துவைப்பது, வாரத்துக்கு வேண்டிய காய்கறி வாங்குவது, தலைமுடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்குப் பேசுவது. அதுவும் சாயங்காலம் வரைதான், பிறகு மறுபடி வேலை. மற்ற நாளெல்லாம் காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி, ஜெபம், வேதபாடம். பத்து மணிக்கு வெள்ளைச் சட்டையும் டையுமாக வெளியே கிளம்ப வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான். கூட வருகிறவனைக் கண் பார்வையிலிருந்து விடவே கூடாது. அவனும் சில மாதத்தில் மாறிவிடுவான், வேறொருவன் வருவான். முதலில் வந்தவன் டோங்கா தீவுக்காரன், ஒரு பானைச் சோற்றை ஒரே ஆளாகச் சாப்பிட்டான். அடுத்தவன் அமெரிக்கப் பையன், தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். இப்போது இருப்பவன் பிலிப்பைன்ஸ்காரன், ரெய்ஸ் என்று பெயர்.

வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். உள்ளே விட்டவர்கள் வீட்டில் பாடம் சொல்வார்கள். வியாழக்கிழமை நூலகத்தில், புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பார்கள். சனிக்கிழமை யாராவது வீடு மாறினால் கட்டில் பீரோ தூக்குவார்கள். குளிர்காலத்தில் வயதானவர்கள் வாசலில் பனியை வாரிப்போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மத்தியானம் சபையில் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. சினிமா கிடையாது. டிவி கிடையாது. பெண்பிள்ளைகளோடு பேச்சு வார்த்தை கிடையாது. ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்ப வேண்டும், பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும்.

'இதுக்குப் பேசாம மிலிட்டரிக்குப் போயிருக்கலாம்' என்று சாமுவேல்ராஜ் கல்லில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டார்.

"எங்கள எல்டர்னுதான் கூப்பிடுவாங்கம்மா. மூப்பர் மாதிரி" என்று பையன் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோயிலில் மூப்பர் என்றால் தலை நரைத்து, பேரன் பேத்தி எடுத்திருக்க வேண்டும். இவன் இன்னும் ஒழுங்காக மீசை முளைக்காத பயல்.

ஆனால் முதல் குளிர்காலத்தில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மைனஸ் முப்பத்தி ரெண்டும்மா இன்னைக்கு. கண் இமை ரெண்டும் ஒட்டிக்கிடுது" என்றான். கிருபா அழுதாள். இங்கே ஜன்னலுக்கு வெளியே சாமுவேல்ராஜ் காதில் கை வைத்துக்கொண்டார். காதை மூடிக்கோலே, காதை மூடிக்கோ என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவன் சின்னப் பிள்ளையில் மார்கழிப் பனிக்கே காதுவலி வந்து ராத்திரியெல்லாம் கத்துவான். அது கிருபாவுக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ, கேட்கவே இல்லையே என்று அன்று அவருக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

இன்னொரு திங்கட்கிழமை, "இங்கனயும் நம்மூரு மாதிரி கரிசக்காடுதாம்மா" என்றான். "கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு மரமே கெடையாது. இடைசெவல் பக்கம் போற மாதிரியே இருக்கு. பருப்பு போடுதாங்க, பட்டாணி போடுதாங்க. தூத்துக்குடிக்கெல்லாம் இங்கருந்துதான் வருதாம்."

மறுநாள் மில்லில் சாமுவேல்ராஜ் மூட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகக் கனடா பட்டாணியும் மசூர் பருப்பும் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி லாரி ஏறி அந்த மில்லுக்கு வருகிறது. சாக்கில் அச்சடித்திருப்பதை அவர் ஒரு நாளும் வாசித்ததில்லை. அன்று வாசித்தார். சஸ்காட்செவான் என்று ஒரு மூட்டையில் இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு கைப்பிடி பருப்பை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். பருப்பில் பருப்பு வாசனைதான் வந்தது. ஆனாலும் அதைத் திரும்பச் சாக்கில் போட மனசில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் துவைக்கும்போது கிருபா பையைத் தடவிப் பருப்பை எடுத்து வெளியே வைத்தாள்.

கைக்கடிகார விஷயமும் அப்போதுதான் ஆரம்பித்தது. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே அன்று இரவு ஏழரை. அதாவது முள்ளை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டால் போதும், அவருடைய கடிகாரம் மகன் ஊர் நேரத்தைக் காட்டும். பகல் ராத்திரி மட்டும்தான் மாறும். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் தள்ளி வைத்தார். அதன் பிறகு காலையில் மில் வேலை சூடு பிடிக்கிற பத்து மணிக்கு அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பத்தரை என்று காட்டும். பயல் விளக்கை அணைத்துப் படுத்திருப்பான். சாயங்காலம் கணக்குப்பிள்ளை கிளம்புகிற ஆறு மணிக்கு, எழுந்திருப்பான். உள்ளூர் நேரம் வேண்டுமென்றால் மனசுக்குள் அரை மணி கழித்துக்கொள்வார். ஒரு வருஷத்துக்கு மேல் இதில் ஒரு தப்பும் நேரவில்லை.

போன திங்கட்கிழமை வரை நேரவில்லை.

அன்று பிரின்ஸ்டன் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தான். "அம்மா, ஜூன் மாசத்தோட எனக்கு ரெண்டு வருஷம் முடியுது. ஆபீஸ்ல டிக்கெட் போடப் போறாங்க. எந்த ஏர்போர்ட்டுன்னு வார திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும். மதுரையா, கோயம்புத்தூரான்னு."

"இது என்னடே கேள்வி? மதுரைதான்."

"அப்பா வரச் சொன்னாத்தாம்மா மதுரை. படி ஏறாதன்னு அவிய வாயால சொன்னாவ. வான்னும் அவிய வாயால சொல்லட்டும். இல்லன்னா கோயம்புத்தூருக்கே போடச் சொல்லிருதேன். பழைய கம்பெனியில கூப்பிடுதாங்க, அங்கனயே இருந்துக்கிடுதேன்."

"அப்போ நான்?"

"நீங்க வந்து பாத்துட்டுப் போங்கம்மா" என்றான். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறான், வேறென்ன சொல்ல.

சாமுவேல்ராஜ் கொசுவர்த்தி அணைந்த பிறகும் கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு வீட்டுக்குள் வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவர் கேட்டாயிற்று என்று கிருபாவுக்குத் தெரியும். தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் மில்லில் ஒரு மணிக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணியைப் பன்னிரண்டரைக்கே அடித்துவிட்டார். கழிக்க வேண்டிய அரை மணியைக் கழிக்க மறந்துவிட்டது. கொடுத்து வைத்த ஆட்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். மில் முதலாளி ஹிதாயத்துல்லா அறையிலிருந்து வெளியே வந்தார். இருவருக்கும் முப்பது வருஷப் பழக்கம்.

"ஓய் சாமுவேலு, மணி பன்னெண்டரதான ஆவுது? ஒம்ம வாட்ச்சக் காட்டும்."

காட்டினார். "அரை மணி நேரம் முன்னால ஓடுதே. கடையில குடுத்துச் சரி பண்ணப்படாதா?"

"ரிப்பேர் இல்ல பாய்" என்று சாமுவேல்ராஜ் ஆரம்பித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கல், ஜன்னல், கடிகாரம், மதுரை, கோயம்புத்தூர் எல்லாவற்றையும். யாரிடமும் சொல்லாததை, பருப்புத் தூசிக்கு நடுவில் நின்று சொல்லி முடித்தார்.

ஹிதாயத்துல்லா அந்த வாட்ச்சை இன்னொரு தரம் பார்த்தார். "எம் மவன் அஸ்லம் துபாய் போயி நாலு வருஷமாச்சு. வாலே வாலேன்னு நான் கூப்பிடுதேன், அவனுக்கு மொதலாளி லீவு குடுக்க மாட்டேங்கான். ஒம்ம மவன் வாரேன்னு நிக்கான். நீரு கூப்பிட மாட்டேங்கீரு. என்னத்தச் சொல்ல" என்றார். பிறகு, "நாளைக்கு மணிய நானே அடிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூப்பிடக் கூடாது என்றா சாமுவேல்ராஜ் நினைத்தார்? அந்த வாரம் முழுக்க அவருக்கு நினைப்பெல்லாம் மகன்தான். சோற்றில் கை வைத்தால் அவன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பையை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு போகும்போது, இளைஞர் பகுதியில் அவன் உட்காருகிற இடத்தில் வேறு ஒரு பையன் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பையை நீட்ட மறந்து நின்றுவிட்டார். ஆனால் படி ஏறாதே என்று கமிட்டிக்காரர்கள் நாலு பேர் முன்னால் சொன்ன வாய் இது. இப்போது அதே வாயால் வா என்றால், சொன்னதெல்லாம் வெறும் கூச்சல் என்று ஆகிவிடாதா? ஆகிவிடும்தான். அதுதான் அவரைத் தடுத்தது.

திங்கட்கிழமை மத்தியானம் கயத்தாற்றிலிருந்து சேதி வந்தது. கிருபாவின் தங்கை செலஸ்டின் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. கிருபா நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவர் மில்லிலிருந்து வந்து வழியனுப்ப நின்றார். அவள் பையை எடுத்தாள், குடையை எடுத்தாள், ஃபோனை எடுக்கவில்லை.

"ஃபோன் சார்ஜ்ல கெடக்கே" என்றார்.

"கெடக்கட்டும். எனக்குப் பேசணும்னா தங்கச்சி ஃபோன் இருக்கு." வாசல் வரை போனவள் திரும்பினாள். "ஏழரைக்கு அடிக்கும். எடுக்கணும்னா எடுங்க. எடுக்கலன்னா அவன் கோயம்புத்தூர்ல போயி எறங்குவான். இருபத்தி ரெண்டு மாசமா நடுவுல நின்னு எனக்குக் கால் கடுக்குங்க." அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

ஏழே காலுக்கு சாமுவேல்ராஜ் என்ன செய்தார் தெரியுமா? சட்டையை மாட்டினார். கதவைப் பூட்டினார். தெருமுனை வரை நடந்து, சந்துக்குள் நுழைந்து, கல்லில் போய் உட்கார்ந்தார். காலுக்குப் பழகிப்போன பாதை, அது பாட்டுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. கொசு மொய்த்தது. என்னடா இன்று சுருள் புகையக் காணோம் என்று தரையைப் பார்த்தவருக்கு, கொளுத்தி வைக்கிறவள் ஊரில் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

உள்ளே, பூட்டின வீட்டுக்குள், ஃபோன் அடித்தது.

பின்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. எழுந்து ஓடினார். சந்தில் கிடந்த பிளாஸ்டிக் குடத்தில் கால் இடறி, செருப்பு ஒன்று கழன்று, ஒற்றைச் செருப்போடு தெருவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சாவி துவாரத்தில் நுழையவில்லை. உள்ளே சத்தம் நின்றுவிட்டது. இனி ஏழு நாள் கழித்துத்தான். ஏழு நாள் கழித்து அடிக்கும்போது டிக்கெட் போட்டிருப்பார்கள். "ஆண்டவரே" என்று வாய்விட்டே சொன்னார். பூட்டு திறந்தது. மறுபடியும் அடித்தது.

பச்சைப் பொத்தானை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் தள்ளினார். எப்படியோ எடுத்துவிட்டது. காதில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, ஒங்க காதுதான் தெரியுது. ஃபோன முன்னால புடிங்க."

அவருக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா? என்ன மூச்சு வாங்குது? அம்மா?"

ஃபோனை இறக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடிச் சதுரத்துக்குள் மகன் இருந்தான். இளைத்திருந்தான். தாடை எலும்பு தெரிந்தது. மீசை சுத்தமாக மழித்திருந்தது. கடைக்குக் கிளம்பின கோலத்தில் வெள்ளைச் சட்டையும் டையும் போட்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் வாய் திறந்தபடி நின்றது.

"அப்பா."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மகனுக்குப் பின்னால் அந்தப் பிலிப்பைன்ஸ் பையன் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். அவன் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். பதிலுக்குக் கையாட்ட வேண்டும் என்றுகூட இவருக்குத் தோன்றவில்லை.

அப்போது அங்கே கீழ் வீட்டிலிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்டது. வெள்ளைக்காரக் குரல், இழுத்து இழுத்து. "எல்டர் சாமுவேல்ராஜ்! எல்டர் சாமுவேல்ராஜ்!"

"என்ன?" என்றார் இவர், கோவில்பட்டியில்.

"யெஸ், மேடம்!" என்றான் அவன், அங்கே.

சொன்ன பிறகுதான் அவனுக்குத் தன் முன்னால் இருப்பது யார் என்று ஞாபகம் வந்தது. சட்டென்று ஒரு கையால் நெஞ்சை மூடிக்கொண்டான். சட்டைப்பை மேல் எதையோ மறைக்கிற மாதிரி.

"யாரக் கூப்பிடுதா அந்த அம்மா?"

"என்னத்தாம்ப்பா."

"கைய எடு."

எடுத்தான். கறுப்பு வில்லை ஒன்று சட்டையில் குத்தியிருந்தது. சாமுவேல்ராஜ் ஃபோனைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். மேலே அவர் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது. எல்டர் சாமுவேல்ராஜ். கீழே சபையின் பெயர் இருந்தது.

"நீங்க ஒங்க பேரச் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்கப்பா. எனக்கு ஞாபகம் இருக்கு" என்று பையன் வேகவேகமாகச் சொன்னான். "இங்க வேற வழி இல்லப்பா. மொதப் பேரச் சொல்லிக் கூப்பிடுத வழக்கமே எங்களுக்குக் கெடையாது. குடும்பப் பேருதான். பாஸ்போர்ட்ல அந்த எடத்துல ஒங்க பேருதான இருக்கு. வேற பேரு எனக்கு எங்க இருக்கு?"

"வந்ததுலருந்தேவா?"

"மொத நாள்லருந்தே. இங்க யாருக்கும் பிரின்ஸ்டன்னா யாருன்னே தெரியாது."

"ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போயி என்னன்னு சொல்லுவ?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "ஐ ஆம் எல்டர் சாமுவேல்ராஜ்னு சொல்லுவேன்."

"கதவத் தொறப்பாவளா?"

"பத்துல ஒரு வீடு தொறக்கும்ப்பா. மத்தவங்க வேண்டாம்னு சொல்லிச் சாத்திருவாங்க. சில பேரு சொல்லி முடிக்கதுக்குள்ளயே சாத்திருவாங்க."

"அந்தக் குளிருலயுமா?"

"குளிருலயுந்தான்."

எவன் வீட்டு வாசலிலும் போய் நிற்காதே என்று இவர் சொன்னார். அவன் இந்த இரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான வாசலில் போய் நின்றிருக்கிறான். அத்தனை வாசலிலும், கண் இமை ஒட்டிக்கொள்கிற குளிரில், முதல் வார்த்தையாக அப்பன் பெயரைச் சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்ல முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மறுநாள் மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறான். சாமுவேல்ராஜுக்கு அந்தக் கதவு சாத்தினவர்கள் மேல் முதலில் கோபம் வந்தது. பிறகு, முதன்முதலாக அவனுக்குக் கதவைச் சாத்தினது யார் என்று நினைப்பு வந்தது. அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அழுதார்.

"அப்பா, அழாதீங்கப்பா."

"காதை மூடிக்கிட்டியாலே, அந்தக் குளிருல?"

"மூடிக்கிட்டேம்ப்பா. கம்பளிக் குல்லா குடுத்தாங்க."

"ஒனக்குக் காதுவலி வருமே."

"மொத வருஷம் வந்துச்சு. அம்மாட்ட சொல்லல."

அவர் வேட்டித் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சபை விஷயத்துல எனக்கு மனசு ஆறல. அத நேர்ல வச்சுப் பேசிக்கிடுவோம். டீ குடிக்காட்டாப் போ. சுக்குத் தண்ணி குடிப்பியா?"

"குடிப்பேம்ப்பா."

"மதுரைக்குப் போடச் சொல்லு. நான் வந்து நிக்குதேன்." கொஞ்சம் நிறுத்தினார். இருபத்திரண்டு மாதமாகச் சொல்லாத பெயர், அவரே தெரிந்தெடுத்து வைத்த பெயர், நாக்கில் தடுக்கிக்கொண்டுதான் வந்தது. "வந்துருலே, பிரின்ஸ்டன்."

பையன் ஃபோனைக் கீழே வைத்துவிட்டான் போலிருக்கிறது, அறையின் கூரை மட்டும் தெரிந்தது. அவன் அழுகிற சத்தமும், ரெய்ஸ் பதறிப்போய் ஏதோ கேட்கிற சத்தமும் வந்தன. கீழ் வீட்டுக் கிழவி மறுபடியும் கூப்பிட்டாள். "போயி அந்த அம்மாவுக்கு என்னன்னு கேளு, பாவம், எவ்வளவு நேரமாக் கூப்பிடுதா" என்றார் சாமுவேல்ராஜ்.

எட்டரைக்கு அவருடைய ஃபோன் அடித்தது. கயத்தாற்றிலிருந்து கிருபா.

"எந்த ஏர்போர்ட்டு?" எடுத்ததும் அதைத்தான் கேட்டாள்.

"மதுரை."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தங்கையிடம் "மதுரையாம்ட்டி" என்று சொல்வதும் கேட்டது.

"ஏ கிருபா" என்றார். "அவன் நெஞ்சுல எம் பேரக் குத்திக்கிட்டுத் திரியுதான். ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். மொத வாரமே பாத்தேன்."

"தெரிஞ்சும் இவ்வளவு நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, கழட்டச் சொல்லியிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல சாமுவேல்ராஜ் வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை. கழட்டத்தான் சொல்லியிருப்பார்.